ஆண்டெனா கெயின் எப்படி உருவாகிறது: காரைக்குடி மாடியிலிருந்து கொடைக்கானலை நோக்கி ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளின் மாடியைப் பார்த்தால், அங்கங்கே இன்னும் டிவி ஆண்டெனாக் கம்பம் நிற்கும். டிஷ் வந்த பிறகு அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. மேற்கே கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்த குறுக்குக் கம்பிகளில் ஒன்றில் மட்டும்தான் கேபிள் இணைந்திருக்கும். மற்ற கம்பிகளுக்கு எந்த இணைப்பும் கிடையாது, வெறும் அலுமினியக் குழாய்கள். ஆனால் அன்று அவற்றைக் கழற்றியிருந்தால் படம் போயிருக்கும்.

எதற்கும் இணைக்காத கம்பி எப்படிச் சிக்னலைக் கூட்டுகிறது? "கம்பி கூடக் கூட சிக்னல் கூடும்" என்று கடையில் சொல்வது பாதி உண்மைதான். இந்த வழிகாட்டி மீதிப் பாதியைப் பற்றியது. ஓர் ஆண்டெனா ஒரு திசையில் சிக்னலை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்பதைத்தான் கெயின் என்கிறோம். ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டத்தில் தொடங்கி, இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்று பார்த்து, கடைசியில் கொடைக்கானல் வானொலி நிலையமான கோடை பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு மூன்று கம்பி ஆண்டெனாவைச் செய்து அளந்து பார்ப்போம். பள்ளி இயற்பியல் போதும். கட்டம் போட்ட நோட்டு, அடிக்கோல், பாகைமானி எடுத்துக்கொள்ளுங்கள். அம்புகள் வரைய வேண்டியிருக்கும்.

முதலில் அளவுகள்

ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 300-ஐ 100.5-ஆல் வகுத்தால் 2.98 மீட்டர். பாதி அலைநீளம் 1.49 மீட்டர், கால் அலைநீளம் 75 சென்டிமீட்டர். ஒரு முழு அலைநீளம் 360 பாகை, அதனால் 75 செ.மீ. தூரம் அலையை 90 பாகை தாமதப்படுத்தும். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கெல்லாம் எளிது.

டெசிபல் கணக்கு தெரியாதவர்களுக்கு: சக்தி இரண்டு மடங்கானால் 3 டெசிபல், நான்கு மடங்கானால் 6, பத்து மடங்கானால் 10. புலத்தின் வலிமை இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு, அதாவது 6 டெசிபல். புலத்தையும் சக்தியையும் குழப்பிக்கொள்வதால்தான் பல பேருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராமல் போகிறது. சக்தி என்பது புலத்தின் வர்க்கம்.

ஒரே ஒரு கம்பி

பாதி அலைநீளக் கம்பியை நடுவில் வெட்டி, அங்கே கேபிளை இணைத்தால் அது டைபோல். அலைபரப்பியாகவே முதலில் நினைத்துக்கொள்வோம். வாங்கும்போதும் அதே கணக்குதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பி நெடுக மின்னோட்டம் ஒரே அளவில் ஓடுவதில்லை. கம்பியின் முனைக்கு அப்பால் போக வழி இல்லாததால் முனையில் மின்னோட்டம் பூஜ்யம். நடுவில் உச்சம். இடையில் சைன் வளைவுபோல இறங்கும். மின்னழுத்தம் இதற்கு நேர்மாறு, முனைகளில் உச்சம், நடுவில் மிகக் குறைவு. பழைய டிவி ஆண்டெனாவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். குறுக்குக் கம்பிகளின் நடுவே துளை போட்டு, நேரடியாக உலோக நடுத்தண்டோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்காது. நடுப்புள்ளியில் மின்னழுத்தம் இல்லாததால் அங்கே உலோகம் தொட்டாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. நீளத்தை மட்டும் சிறிது சரிக்கட்ட வேண்டும். முனையில் அதே உலோகம் பட்டால் ஆண்டெனாவின் குணமே மாறிவிடும்.

தொலைவில் எழும் புலம் மின்னோட்டத்தின் மாற்றத்தைப் பொறுத்தது. ஆகவே அதிக மின்னோட்டம் ஓடும் நடுப்பகுதிதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. முனைகள் பெரும்பாலும் மின்னூட்டம் தேங்கும் இடம் மட்டுமே. இன்னொன்று, கம்பிக்குச் செங்குத்தான திசையிலிருந்து பார்த்தால் மின்னோட்டத்தின் முழு அசைவும் தெரியும். கம்பியின் முனைப் பக்கமாக நின்று பார்த்தால் அசைவு நம்மை நோக்கியும் விலகியும் இருக்குமே தவிர, குறுக்காக ஒன்றும் இருக்காது. அதனால் முனை காட்டும் திசையில் புலம் பூஜ்யம். டைபோலின் முதல் 'கெயின்' இங்கிருந்தே வருகிறது: எல்லாத் திசைக்கும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆண்டெனாவைவிட இது 1.64 மடங்கு, அதாவது 2.15 டெசிபல் மேல். முனைகளின் பக்கம் போகாத சக்தி, செங்குத்துப் பக்கம் போகிறது.

கல்யாண வீட்டில் ஒரே அண்டாச் சோறு. ஒரு பந்திக்கு அள்ளி வைத்தால் இன்னொரு பந்திக்குக் குறையும். ஆண்டெனா அண்டாவைப் பெரிதாக்குவதில்லை, பரிமாறும் விதத்தைத்தான் மாற்றுகிறது.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சிலர் கெயினைக் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டு எழுதுவார்கள், சிலர் டைபோலோடு ஒப்பிடுவார்கள். முதல் வகை எண் எப்போதும் 2.15 கூடுதலாகத் தெரியும். எதோடு ஒப்பிட்டது என்று எழுதாத கெயினுக்கு அர்த்தமே இல்லை. இந்தக் கட்டுரையில் இனி வரும் எண்கள் எல்லாம் டைபோலோடு ஒப்பிட்டவை.

கம்பிக்கு அருகிலும் தொலைவிலும்

கம்பியை ஒட்டிய இடத்தில் மின்புலமும் காந்தப்புலமும் 90 பாகை விலகி ஆடும். அங்கே உள்ள ஆற்றலின் பெரும்பகுதி கம்பிக்கும் வெளிக்கும் இடையே போய்ப்போய்த் திரும்பிக்கொண்டிருக்கும், வெளியே போகாது. இந்தப் பகுதி ஏறத்தாழ அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு வரை. நம் அதிர்வெண்ணுக்கு அரை மீட்டர் அளவு. அதைத் தாண்டிப் போகப் போக இரண்டு புலங்களும் ஒன்றுசேர்ந்து ஆடத் தொடங்கும், அவற்றின் விகிதம் 377 ஓமில் நிலைக்கும், புலம் தூரத்துக்கு நேர் எதிர்விகிதத்தில் குறையும். கெயின் என்று நாம் பேசுவதெல்லாம் இந்தத் தொலைப்புலத்தில்தான்.

ஆனாலும் அந்த அரை மீட்டரை மறக்காதீர்கள். மாடியில் ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணி, துணி காயப்போடும் கம்பி எல்லாம் இருக்கும். அவை இந்த எல்லைக்குள் வந்தால் அவற்றிலும் மின்னோட்டம் எழும். அப்போது அவையும் நீங்கள் கேட்காமலே ஆண்டெனாவின் ஓர் உறுப்பு ஆகிவிடும்.

இரண்டு கம்பிகள்: விஷயத்தின் மையம்

இரண்டு டைபோல்களைப் பாதி அலைநீளம், அதாவது 1.49 மீட்டர் தள்ளி, இணையாக நிறுத்துங்கள். இரண்டுக்கும் ஒரே கட்டத்தில், அதாவது ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்படி, மின்னோட்டம் கொடுக்கிறோம். ஒவ்வொரு அலையையும் ஓர் அம்பாக வரைவோம்: அம்பின் நீளம் புலத்தின் வலிமை, அது திரும்பியிருக்கும் கோணம் கட்டம். இரண்டுக்கும் சம தூரத்தில், நேர் எதிரே நிற்பவருக்கு இரண்டு அலையும் ஒரே நேரத்தில் வந்து சேரும், அம்புகள் ஒரே பக்கம் பார்க்கும், புலம் கூடும். இரண்டையும் இணைக்கும் கோட்டின் திசையில் நிற்பவருக்கு ஓர் அலை 180 பாகை தாமதமாக வரும், அம்புகள் எதிரெதிராகி அழிந்துபோகும்.

சரி, இப்போது சக்திக் கணக்கு. ஒரு டைபோலுக்குக் கொடுத்த அதே சக்தியை இரண்டுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிச் சக்தி. பாதிச் சக்தி என்றால் மின்னோட்டம் பாதி அல்ல, 0.707 மடங்கு. இரண்டு அம்பும் சேர்ந்தால் 1.41. வர்க்கப்படுத்தினால் 2. அதாவது 3 டெசிபல் கெயின். பல புத்தகங்கள் இங்கேயே நிறுத்திவிடும். நிறுத்தக் கூடாது.

இதே கணக்கை வைத்து, இரண்டு கம்பிகளையும் ஒட்டி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால்? அம்புகள் அப்போதும் கூடும். அப்போதும் 3 டெசிபல் வர வேண்டும். ஆனால் ஒட்டி வைத்த இரண்டு கம்பிகள் ஒரு தடித்த கம்பிதானே, அதற்குத் தனியாகக் கெயின் எங்கிருந்து வரும்? இந்த முரண்பாட்டைத் தீர்த்துவிட்டால் ஆண்டெனா பிடிபட்டுவிடும்.

விடை இதுதான். கம்பி அலைபரப்பும்போது, தன்னிடம் உள்ள மின்புலத்தை எதிர்த்து மின்னோட்டத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பே வெளியே போகும் சக்தி. கம்பி இதை ஒரு மின்தடையாக உணர்கிறது. தனி டைபோலுக்கு அது சுமார் 73 ஓம். பக்கத்தில் இன்னொரு கம்பி இருந்தால், அதன் புலமும் இங்கே வந்து சேரும். அந்தப் புலம் நம் மின்னோட்டத்தை எதிர்த்தால் தள்ளுவது கடினமாகும், மின்தடை கூடும். உதவினால் மின்தடை குறையும்.

ஒட்டி வைத்து ஒரே கட்டத்தில் ஓட்டினால், மற்றக் கம்பியின் புலம் முழுமையாக எதிர்க்கும். ஒவ்வொன்றும் 73-க்குப் பதில் 146 ஓமாகத் தெரியும். அதே சக்திக்கு இனி ஒவ்வொன்றிலும் ஓடுவது பாதி மின்னோட்டம்தான். பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்று. கெயின் பூஜ்யம். முரண்பாடு தீர்ந்தது.

பாதி அலைநீள இடைவெளியில் நிலைமை தலைகீழ். அங்கே மற்றக் கம்பியின் புலம் தாமதமாக வந்து, சற்று உதவுகிறது. பரஸ்பர மின்தடை சுமார் −12.5 ஓம். ஒவ்வொன்றும் 60.5 ஓம் ஆகிறது. அதே சக்திக்குக் கூடுதல் மின்னோட்டம் ஓடும். கணக்குப் போட்டால்: 4 × 73 ÷ (2 × 60.5) = 2.41. அதாவது 3.8 டெசிபல். அந்தக் கூடுதல் 0.8 டெசிபல், அம்புகள் அழிந்துபோன திசைகளில் செலவாகாமல் நின்ற சக்தி.

"எதிரெதிர் அலைகள் அழிந்தால் அந்த ஆற்றல் எங்கே போகிறது?" என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எங்கும் போவதில்லை, ஏனென்றால் அது கிளம்பவே இல்லை. ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு சக்தி கொடுக்க வேண்டும் என்பதை அது நிற்கும் இடத்தில் உள்ள மொத்தப் புலம் தீர்மானிக்கிறது, அந்தப் புலத்தில் பக்கத்துக் கம்பியின் பங்கும் அடங்கியிருக்கிறது. தொலைவில் அம்புகள் கூடுவதும் கழிவதும், கேபிள் இணையும் இடத்தில் மின்தடை மாறுவதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள்.

இந்த விளையாட்டை எல்லை வரை கொண்டுபோனவர் அமெரிக்க வானொலி அறிஞர் ஜான் கிராஸ். 1937-ல் அவர் கொண்டுவந்த ஆண்டெனாவில் இரண்டு கம்பிகள் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு தூரத்தில், எதிர்க் கட்டத்தில் ஓடும். அம்புகள் பெரும்பாலும் அழிந்துபோகும், ஆனால் மின்தடையும் 9 ஓம் அளவுக்கு விழுந்துவிடும். மின்னோட்டம் பாய்ந்து ஏறி, மிஞ்சிய சிறு வித்தியாசமே 4 டெசிபலை நெருங்கும் கெயினைத் தரும். இதற்கு விலை உண்டு: கம்பியின் சொந்தத் தடையும் துருப்பிடித்த இணைப்பும் சேர்ந்து ஓர் ஓம் இருந்தால்கூட, 9 ஓமுக்கு முன் அது பெரிய இழப்பு. இரண்டே கம்பியை இன்னும் நெருக்கி எவ்வளவு வேண்டுமானாலும் கெயின் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், மின்தடை எவ்வளவு என்று கேளுங்கள்.

யாகி: இணைப்பில்லாத கம்பி

1926-ல் ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஷிண்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் செய்து காட்டியது இதுதான்: எல்லாக் கம்பிக்கும் கேபிள் இழுக்க வேண்டியதில்லை. 1928-ல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை உலகமெங்கும் போனதால் இந்த ஆண்டெனாவுக்கு யாகி என்றே பெயர் நிலைத்தது. பெரும்பகுதி உழைப்பு உடாவுடையது, அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.

இணைப்பில்லாத கம்பியில் பக்கத்துக் கம்பியின் புலம் மின்னோட்டத்தை எழுப்புகிறது. எவ்வளவு, எந்தக் கட்டத்தில் என்பதை இரண்டு விஷயம் தீர்மானிக்கும்: தூரமும் நீளமும். பாதி அலைநீளத்தைவிடச் சற்று நீளமான கம்பி சுருள்போல நடந்துகொள்ளும், குட்டையானது மின்தேக்கிபோல. இதனால் கம்பியை அறுத்து நீளத்தை மாற்றுவதே கட்டத்தைத் திருகும் திருகாணி.

இப்போது நோட்டை எடுங்கள். கேபிள் இணைத்த கம்பிக்கு (இனி அதை முதன்மைக் கம்பி என்போம்) 75 செ.மீ. பின்னால், முழுப் பாதி அலைநீளம் உள்ள கம்பி ஒன்றை ரிஃப்ளெக்டராக வைக்கிறோம். இந்தத் தூரத்துக்குரிய பரஸ்பர எண்களைப் போட்டுக் கணக்கிட்டால், ரிஃப்ளெக்டரில் ஓடும் மின்னோட்டம் முதன்மைக் கம்பியில் ஓடுவதில் 0.59 மடங்கு, 115 பாகை முந்தியிருக்கும்.

முன்பக்கம்: முதன்மைக் கம்பிக்கு 10 செ.மீ. நீள அம்பு, வலப்பக்கமாக. ரிஃப்ளெக்டரின் அலை 75 செ.மீ. கூடுதலாகப் பயணிப்பதால் 90 பாகை தாமதம்; 115-ல் 90 போக 25 பாகை. முதல் அம்பின் நுனியிலிருந்து 25 பாகை மேல் நோக்கி 5.9 செ.மீ. அம்பு வரையுங்கள். தொடக்கத்திலிருந்து கடைசி நுனி வரை அளந்தால் சுமார் 15.5 செ.மீ.

பின்பக்கம்: இப்போது ரிஃப்ளெக்டர்தான் அருகில் இருக்கிறது. 115-ஓடு 90 கூட்டினால் 205 பாகை. அம்பு ஏறத்தாழ நேர் எதிராகத் திரும்பிவிடும். அளந்தால் 5.3 செ.மீ. முன்னுக்கும் பின்னுக்கும் விகிதம் 2.9, அதாவது 9 டெசிபலுக்குச் சற்று மேல். ஒரு கம்பியை எதற்கும் இணைக்காமல் பின்னால் வைத்ததற்கே இவ்வளவு. முதன்மைக் கம்பியின் மின்தடை 73-லிருந்து 78-க்கு மட்டுமே ஏறுகிறது. 1.55-இன் வர்க்கத்தை 73/78-ஆல் பெருக்கினால் 2.26, சுமார் 3.5 டெசிபல்.

அடுத்து, ரிஃப்ளெக்டரை எடுத்துவிட்டு, முன்னால் 60 செ.மீ. தூரத்தில் ஒரு குட்டைக் கம்பியை டைரக்டராக வையுங்கள். அதில் மின்னோட்டம் 0.53 மடங்கு, 155 பாகை பின்தங்கியிருப்பதாக ஒரு சாதாரண நீளத்துக்குக் கணக்கு வருகிறது. 60 செ.மீ. என்பது 72 பாகை. முன்பக்கத்துக்கு அம்பு வரைந்தால் ஏமாற்றமாக இருக்கும்: இரண்டாவது அம்பு கிட்டத்தட்ட செங்குத்தாகக் கீழே போகும், மொத்தம் 1.19 மடங்குதான். ஆனால் மின்தடையைப் பாருங்கள், 73-லிருந்து சுமார் 44 ஓமுக்கு இறங்கிவிட்டது! 1.19-இன் வர்க்கத்தை 73/44-ஆல் பெருக்கினால் 2.35, சுமார் 3.7 டெசிபல்.

இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கும். ரிஃப்ளெக்டர், அம்புகளைக் கூட்டிக் கெயின் தருகிறது. டைரக்டர் அம்புகளைப் பெரிதாகக் கூட்டாமல், மின்தடையைக் குறைத்து, அதே சக்திக்கு அதிக மின்னோட்டத்தை ஓட வைத்துக் கெயின் தருகிறது. வழி வேறு, வந்து சேரும் இடம் ஏறத்தாழ ஒன்று. "ரிஃப்ளெக்டர் கண்ணாடி மாதிரி, டைரக்டர் லென்ஸ் மாதிரி" என்று படம் போட்டு முடித்துவிட்டால் இது கண்ணில் படவே படாது.

மூன்று கம்பியும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் பாதிக்கும், கையால் போடும் கணக்கு நீளும். கணினியில் இலவசமாகவே கிடைக்கும் நெக் (NEC) வகை மென்பொருள்கள் இதே வேலையைத்தான் கம்பியைச் சிறு சிறு துண்டுகளாக்கிச் செய்கின்றன. நன்றாக அமைத்த மூன்று கம்பி யாகி, டைபோலைவிட 5 முதல் 6 டெசிபல் தரும்.

வாங்கும்போதும் இதே கதைதான்

பரப்பும்போது எந்தத் திசையில் எவ்வளவு கெயினோ, வாங்கும்போதும் அதே திசையில் அதே கெயின். இதைப் பரிமாற்றத் தத்துவம் என்பார்கள். வாங்கும் பக்கத்தில் இதைப் பரப்பளவாகவும் பார்க்கலாம். 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு டைபோல், சுமார் 1.16 சதுர மீட்டர் பரப்பில் வந்து விழும் சக்தியை எடுத்துக்கொள்கிறது. விரல் தடிமன் கம்பிக்கு ஒரு சதுர மீட்டர் எப்படி? கம்பியில் எழுந்த மின்னோட்டம் தானும் அலையைப் பரப்புகிறது. அந்த அலை, கடந்துபோகும் அலையோடு சேர்ந்து பின்னால் ஒரு நிழலை உண்டாக்குகிறது. நிழலில் காணாமல் போனதுதான் கேபிளில் வருகிறது. யாகியின் பரப்பு 4 சதுர மீட்டரை எட்டும்.

செய்து பார்ப்போம்

12 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய் போதும். பழைய இரும்புக் கடையில் டிவி ஆண்டெனாக் குழாய் கிடைத்தாலும் நல்லதே, வளைந்திருந்தால் நிமிர்த்திக்கொள்ளுங்கள். நடுத்தண்டுக்கு காய்ந்த மரச்சட்டமோ கெட்டியான பிவிசி குழாயோ 1.4 மீட்டர் நீளத்தில். நடுத்தண்டு உலோகமாக இல்லாததால் நீளத் திருத்தம் வேண்டாம்.

ரிஃப்ளெக்டர் 1.48 மீட்டர். நடுவில் இணைக்கும் கம்பி 1.40 மீட்டர். டைரக்டர் 1.33 மீட்டர். கம்பிக்குக் கம்பி இடைவெளி 60 செ.மீ. இவை தொடக்க அளவுகள். டைரக்டரை ஒரு சென்டிமீட்டர் நீளமாகவே அறுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் அரம் போட்டுக் குறைக்கலாம். கூட்டுவது கஷ்டம்.

நடுக்கம்பியை மடித்த டைபோலாகச் செய்யுங்கள்: ஊக்கு மாதிரி இரண்டு இணைக் குழாய்கள், முனைகள் சேர்ந்திருக்கும், கீழ்க்குழாயின் நடுவில் மட்டும் வெட்டு. இரண்டு குழாய்களிலும் மின்னோட்டம் சமமாகப் பிரிவதால் கேபிள் பார்ப்பது பாதி மின்னோட்டம். அதே சக்திக்குப் பாதி மின்னோட்டம் என்றால் மின்தடை நான்கு மடங்கு. டைரக்டர் மின்தடையைக் குறைக்கும் என்று பார்த்தோம் அல்லவா, மூன்று கம்பி யாகியில் அது 20, 25 ஓம் வரை விழுந்துவிடும்; நான்கு மடங்கில் அது 80-லிருந்து 100 ஓம். சாதாரண 75 ஓம் டிவி கேபிளுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

கேபிள் இணையும் இடத்தில் அதை நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள், அல்லது ஃபெரைட் வளையங்களைக் கோர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் வெளிக்கூட்டில் மின்னோட்டம் ஓடும். அப்போது மாடியிலிருந்து இறங்கும் கேபிள் முழுவதும் நான்காவது கம்பி ஆகிவிடும், நீங்கள் வரைந்த அம்புகள் எல்லாம் குலைந்துவிடும். கேபிளை ஆண்டெனாவின் கம்பிகளுக்கு இணையாக ஓட விடாமல், நடுத்தண்டு வழியாகக் கம்பத்துக்குக் கொண்டுபோங்கள். இணைப்பில் மழைநீர் இறங்காதபடி நன்றாகச் சுற்றி மூடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஆண்டெனா செத்துப்போவதற்கு முதல் காரணம் இதுவே.

கம்பத்தைத் தூக்கி நிறுத்தும்போது தெருவில் போகும் மின்கம்பி எங்கே என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள். கம்பம் சாய்ந்தால்கூட அதன்மேல் விழாத தூரம் வேண்டும், தனியாகத் தூக்கவும் வேண்டாம். கம்பத்தைத் தடித்த கம்பியால் தரையில் எர்த் செய்யுங்கள். இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள்.

உயரம்: இதுவும் கெயின்தான்

தரை ஒரு கண்ணாடி. ஆண்டெனாவுக்கு நேர் கீழே, தரைக்கு அடியில் இன்னொரு ஆண்டெனா இருப்பதுபோல அது நடந்துகொள்ளும். படுக்கையாக வைத்த கம்பிக்கு அந்த நிழல் ஆண்டெனாவின் கட்டம் எதிர்மாறு. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில், காரைக்குடியிலிருந்து நேர்க்கோட்டில் 140 கிலோமீட்டர் சுமாரில் இருக்கிறது. பூமியின் வளைவையும் கழித்துப் பார்த்தால், அலை நம் மாடிக்கு வந்து சேரும் கோணம் அரைப் பாகைகூட இல்லை. இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் நேராக வரும் அலையும் தரையில் பட்டு வருவதும் ஏறத்தாழ ஒன்றையொன்று அழிக்கும். மிஞ்சுவது உயரத்துக்கு நேர்விகிதத்தில் கூடும்.

அதாவது ஆண்டெனாவை 5 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு உயர்த்தினால் புலம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, 6 டெசிபல். மூன்று கம்பி யாகி தரும் மொத்தக் கெயினுக்குச் சமம்! ஊருணியும் வயலும் பொட்டலுமாகத் தட்டையாகக் கிடக்கும் நம் பக்கத்து நிலத்தில் இந்தக் கணக்கு ஓரளவு அப்படியே பொருந்தும். முன்னால் உயரமான கட்டிடங்கள் இருந்தால் அவற்றுக்கு மேலே தலைதூக்குவதே பெரிய ஆதாயம். பூஸ்டர் வாங்குவதற்கு முன் கம்பத்தை உயர்த்துங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும், பக்கத்து நிலையம் பலமாக இருந்தால் திணறியும் போகும்.

திருப்பி அளப்பது

இங்கே காரைக்குடியின் இருப்பிடம் நமக்கு ஒரு நல்ல சோதனைக்கூடம். கொடைக்கானல் ஏறத்தாழ நேர் மேற்கு, சற்றே வடக்கு சாய்ந்து. திருச்சி ஏறத்தாழ நேர் வடக்கு, 80 கிலோமீட்டர். ஆண்டெனாவை மேற்கே பார்க்க வைத்தால் கம்பிகள் தெற்கு வடக்காக நிற்கும், அவற்றின் முனைகள் திருச்சியைக் காட்டும். டைபோலின் பூஜ்யத் திசை எது என்று பார்த்தோமே, அது அங்கே போய் விழுகிறது. கோடை பண்பலை ஏறும்போது திருச்சி நிலையங்கள் இறங்க வேண்டும். முற்றிலும் மறையாது, வீடுகளிலும் மரங்களிலும் பட்டு வரும் அலைகள் வேறு திசையிலிருந்து நுழையும். ஆனால் வித்தியாசம் காதுக்கே தெரியும். அப்படித் தெரியாவிட்டால் கேபிளின் வெளிக்கூட்டு மின்னோட்டத்தைச் சந்தேகப்படுங்கள்.

எண்ணாக அளக்க, கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் போன்ற சிறு ரிசீவர் போதும். அதில் தானியங்கிக் கெயினை அணைத்துவிட்டு, ஆண்டெனாவை 30 பாகை வீதம் திருப்பி ஒவ்வொரு இடத்திலும் டெசிபல் அளவைக் குறியுங்கள். பன்னிரண்டு புள்ளிகளை வட்டத்தாளில் குறித்து இணைத்தால் முன்னால் ஒரு பெரிய இதழ், பின்னால் ஒரு சிறிய இதழ். கோடைக்கால மாலைகளிலும் விடிகாலையிலும் காற்றடுக்கு மாறி, சிக்னல் தானாகவே ஏறி இறங்கும். நண்பகல் நேரத்தில் ஒரே மூச்சில் அளந்து முடியுங்கள். கம்பிகளைப் படுக்க வைத்து ஒரு முறை, நிமிர்த்தி ஒரு முறை அளந்து, எது வலுவோ அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் டைரக்டரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நீங்கள் வரைந்த அம்புகளை நம்புவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கழற்றிய கம்பியை அந்த இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள், பக்கத்திலேயே சாய்த்து வைத்தால் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அளந்து முடிந்த பிறகும் அவ்வப்போது ஏறிப் பாருங்கள். காக்கையும் மயிலும் உட்கார்ந்து உட்கார்ந்து டைரக்டர் கீழ்நோக்கி வளைந்துவிடும்.

இன்னும் வேண்டுமென்றால்

இரண்டாவது யாகியைச் செய்து முதலாவதற்கு மேலே நிறுத்தலாம். அதிகபட்சம் 3 டெசிபல், நடைமுறையில் இரண்டரைக்குப் பக்கம். இடைவெளி இரண்டேகால் மீட்டராவது வேண்டும். அதைவிட நெருக்கினால் ஒட்டி வைத்த இரண்டு டைபோல்களின் கதைதான்: இரண்டின் பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கெயின் கரையும். இணைப்பதற்கு டிவி ஸ்ப்ளிட்டரைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். இரண்டு கேபிளையும் ஒரே சுருளிலிருந்து, ஒரே நீளத்தில் வெட்டுங்கள். சாதாரண நுரை கேபிளில் அலை சற்று மெதுவாகப் போகும். அதனால் நீள வித்தியாசம் 1.2 மீட்டர் அளவுக்கு வந்தாலே இரண்டு அம்பும் நேர் எதிராகிவிடும்; இரண்டு ஆண்டெனா இருந்தும் சிக்னல் ஏறத்தாழ இல்லாமலே போகும். இரண்டின் மடித்த டைபோலிலும் கேபிளின் நடுக்கம்பி ஒரே பக்கத்துக் குழாயில் இணைந்திருக்க வேண்டும், இடம் மாறினால் அதே 180 பாகைதான்.